கொக்கைத் தேடினேன், குருகு கிடைத்தது

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை. வெளியே அடைமழை. கும்பகோணத்திலிருந்து அத்தை போன் செய்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நலம் விசாரித்த கையோடு விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“ஏண்டா, குறுந்தொகையில கொக்கு சாட்சியா நிக்குற பாட்டு இருக்கே, அது எத்தனாவது பாட்டு? பக்கத்து வீட்டுப் பொண்ணு பரீட்சைக்குப் படிக்கிறா, கேக்குறா. பாட்டு மனசுல இருக்கு, நம்பர் மட்டும் வரமாட்டேங்குது.”

“ரெண்டு நிமிஷம் இருங்க அத்தை. எல்லாத்தையும் விக்கியில ஏத்தி வச்சிருக்கேன், தேடிச் சொல்றேன்.”

‘கொக்கு’ என்று தட்டினேன். சில பாடல்கள் வந்தன. அவற்றில் ஒன்று 164ஆவது பாடல். அங்கே கொக்கு என்றால் பறவையே இல்லை, மாமரம். மற்றவையும் அத்தை கேட்டது அல்ல. ‘சாட்சி’ என்று தட்டினேன், ஒன்றும் இல்லை. ‘நாரை’ என்றேன். கடற்கரைப் பாடல்கள் நிறைய வந்தன, அத்தையின் பாடலைக் காணோம். அதற்குள் அவரே, “சரி விடு, புஸ்தகத்தை எடுத்துப் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டார்.

அவர் கேட்டது குறுந்தொகை 25. கபிலர் பாடியது. அவன் என்னை மணந்த அன்று வேறு யாரும் அங்கே இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த ஒரு பறவை மட்டும்தான் இருந்தது என்று தலைவி சொல்லும் பாடல். அந்தப் பறவைக்குக் கபிலர் வைத்த பெயர் குருகு. ‘சாட்சி’ என்ற சொல் பாடலில் எங்கும் கிடையாது. அது நாம் பாடலைப் படித்துவிட்டு மனசில் வைத்துக்கொள்ளும் சொல்.

அந்தப் பாடல் முழுவதும் என் விக்கியில் இருந்தது. அதற்குக் கீழே நானே எழுதிய அரைப்பக்கக் குறிப்பும் இருந்தது. ஆனாலும் என்னால் எடுக்க முடியவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து ஆரம்பித்த வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முல்லை என்றால் எந்த முல்லை?

முதலில் என் விக்கி என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1995இல் வார்ட் கன்னிங்ஹாம் முதல் விக்கியை இணையத்தில் வைத்தபோது, யார் வேண்டுமானாலும் உடனே திருத்தலாம் என்பதுதான் அதன் உயிர். ‘விக்கி’ என்ற ஹவாய்ச் சொல்லுக்கே ‘விரைவு’ என்று பொருள். ஆனால் என்னுடையது போன்ற தனி விக்கியில் எழுதுபவரும் ஒருவர், படிப்பவரும் அவரே. 2004இல் ஜெரமி ரஸ்டன் வெளியிட்ட டிட்லிவிக்கி, ஒரு முழு விக்கியை ஒரே எச்டிஎம்எல் கோப்புக்குள் அடக்கிக் காட்டியது. நானும் அதில்தான் தொடங்கினேன். ஒரு குறிப்புக்கு நாமே புதுப் புலங்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதில்தான் கற்றேன். பிறகு எல்லாவற்றையும் வெறும் உரைக் கோப்புகளாக ஒரு கோப்புறைக்கு மாற்றிவிட்டேன். ஒரு பாடலுக்கு ஒரு கோப்பு. குறுந்தொகையின் 401, நற்றிணையின் 400, அகநானூற்றின் 400. புறநானூறு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

வகைப்படுத்த நான் நம்பியிருந்தது குறிச்சொற்களை. ‘முல்லை’ என்று ஒரு குறிச்சொல், ‘கபிலர்’ என்று ஒரு குறிச்சொல், இப்படி. கொஞ்ச நாளிலேயே அவை கலங்கிப் போயின. முல்லை என்று குறித்தது முல்லைத் திணைப் பாடலையா, முல்லைப் பூ வருகிற பாடலையா? ஐந்திணைப் பெயர்கள் எல்லாமே செடி, மரப் பெயர்கள். குறிஞ்சி பூ, முல்லை பூ, மருதம் மரம், நெய்தல் பூ, பாலையும் மரம்தான். ‘கபிலர்’ என்ற குறிச்சொல்லிலும் இதே குழப்பம். கபிலர் பாடிய பாடல்களும் அதில் இருந்தன, மாறோக்கத்து நப்பசலையார் கபிலரைப் புகழ்கிற புறநானூறு 126உம் இருந்தது.

பொருள் அந்தச் சொல்லில் இல்லை. அது பாடலோடு கொண்ட உறவில் இருக்கிறது. முல்லை என்று எழுதினால் போதாது, ‘திணை: முல்லை’ என்றோ ‘பூ: முல்லை’ என்றோ எழுத வேண்டும். இப்படி உறவுக்கும் ஒரு பெயர் வைத்து எழுதுவதுதான் புலம். தமிழில் புலம் என்றால் வயல். எந்த வயலில் விளைந்தது என்று தெரிந்த பிறகுதான் நெல்லுக்குப் பெயர் சொல்ல முடிகிறது.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் எப்போதோ செய்துவைத்துவிட்டுப் போன வேலை இது. புறநானூற்றில் பாடலின் கீழே திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று குறிப்புகள் நிற்கின்றன. குறுந்தொகையில் யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்று நிற்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாம் ஒரு பாடலைத் தலைவி பேசுவதா தோழி பேசுவதா என்று தடுமாறாமல் படிக்கிறோம் என்றால், அதற்கு அந்த ஒற்றை வரிக் குறிப்புகள் பெரிய காரணம். பாடலுக்குள் கை வைக்காமல் பாடலுக்கு வெளியே ஒரு வரி எழுதினார்கள். என் விக்கிக்கும் அதையே செய்தேன்.

வீடு கட்டிய விதம்

ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இரண்டு கோடுகள் போட்டு, நடுவில் புலங்களை எழுதினேன். குறுந்தொகை 25க்கு இப்படி:

நூல்: குறுந்தொகை
எண்: 25
திணை: குறிஞ்சி
கூற்று: தலைவி
கேட்போர்: தோழி
பாடியவர்: கபிலர்
பறவை: குருகு
மீன்: ஆரல்
நினைவுச்சொல்: சாட்சி, களவு மணம்

கடைசிப் புலத்தைக் கவனியுங்கள். பாடலில் இல்லாத, ஆனால் பாடலை நினைக்கும்போது எனக்கு வருகிற சொற்கள் அங்கே போகும். அத்தையின் ‘சாட்சி’க்கு இப்போது ஓர் இடம் கிடைத்துவிட்டது.

கோப்புகளைப் படித்து எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் ஏற்றுவதற்குச் சின்னதாக ஒரு பைத்தான் நிரல். எஸ்க்யூலைட் 2000இல் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கியது. தனியாக சர்வர் எதுவும் வேண்டாம், தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு. அட்டவணைக்கும் நெடுவரிசைக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். என் தரவுத்தளத்தில் ‘குறிப்புகள்’ என்று ஓர் அட்டவணை, ‘புலங்கள்’ என்று இன்னொன்று. முதலாவதில் தலைப்பும் உரையும். இரண்டாவதில் மூன்றே நெடுவரிசைகள்: எந்தக் குறிப்பு, எந்தப் புலம், என்ன மதிப்பு.

புலத்துக்கு ஒரு நெடுவரிசை என்று வைத்து ஒரே அகலமான அட்டவணையாகச் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். செய்யலாம்தான். ஆனால் நாளைக்கு ‘மழை’ என்று ஒரு புலம் வேண்டும் என்றால் அட்டவணையையே மாற்ற வேண்டும். ஒரு பாடலில் மூன்று பூக்கள் வந்தால் ஒரே கட்டத்தில் மூன்றையும் திணிக்க வேண்டும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். அதை ஏற்றும் நாளில் அகலமான அட்டவணை தாங்காது. நீளமான அட்டவணையில் 99 வரிகள் கூடும், அவ்வளவுதான். ஆயிரத்து இருநூறு பாடல்கள், ஒன்றுக்குப் பத்துப் புலம் என்று வைத்தாலும் பன்னிரண்டாயிரம் வரிகள். எஸ்க்யூலைட்டுக்கு அது ஒரு கவளம்கூட இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருந்தேன். மூலம் கோப்புகளில்தான். தரவுத்தளம் என்பது புத்தகத்தின் பின்னால் இருக்கும் பொருளகராதி மாதிரி. கெட்டுப்போனால் அழித்துவிட்டு மறுபடி கட்டலாம். திருத்தம் எதுவானாலும் கோப்பில் செய்வேன், தரவுத்தளத்தில் நேரடியாகக் கை வைக்க மாட்டேன். இந்த ஒரு கட்டுப்பாடுதான் பிறகு செய்த சோதனைகளுக்கெல்லாம் தைரியம் கொடுத்தது.

‘திணை:நெய்தல் பறவை:நாரை’

தேடல் பெட்டியில் நான் எழுத நினைத்தது இப்படி ஒரு வரி. இடைவெளி என்றால் ‘மேலும்’, முன்னால் கழித்தல் குறி என்றால் ‘இல்லாதவை’.

முதல் முயற்சியில் ஒரு விடையும் வரவில்லை. காரணம் எளிது. புலம் திணை, மதிப்பு நெய்தல், அதோடு புலம் பறவை, மதிப்பு நாரை என்று ஒரே வரியில் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு வரி ஒன்று திணையைச் சொல்லும், இல்லை பறவையைச் சொல்லும். இரண்டையும் ஒரே வரி எப்படிச் சொல்லும்? கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘இந்தக் குறிப்புக்குத் திணை நெய்தல் என்று ஒரு வரி இருக்கிறதா? இதே குறிப்புக்குப் பறவை நாரை என்று இன்னொரு வரி இருக்கிறதா?’ ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஓர் ‘இருக்கிறதா’ என்று மாற்றியதும் பாடல்கள் வரத் தொடங்கின.

கழித்தல் குறியில் இதே சிக்கல் வேறு வேஷத்தில் வந்தது. நாரை வராத நெய்தல் பாடல்களைக் கேட்டேன். நாரை வரும் பாடல்களும் கூடவே வந்தன. ஒரு பாடலில் நாரையும் அன்றிலும் இருந்தால், அன்றில் என்ற வரி ‘நாரை அல்ல’ என்ற சோதனையில் தேறிவிடுகிறது, பாடலையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. ‘நாரை அல்லாத வரி இருக்கிறதா’ என்று கேட்பதற்கும் ‘நாரை என்ற வரி இல்லவே இல்லையா’ என்று கேட்பதற்கும் எவ்வளவு தூரம்! இரண்டாவதைக் கேட்கப் பழகினேன். யாராவது இதே மாதிரி கட்டுகிறீர்கள் என்றால் இந்த இடத்தில் நின்று நிதானமாகப் போங்கள். தவறான விடை சரியான விடையின் நடுவில் உட்கார்ந்திருக்கும், எளிதில் கண்ணில் படாது.

மூன்றாவது, எண்கள். அடி எண்ணிக்கையை ஒரு புலமாக வைத்திருந்தேன். அகப்பாடல்களை நூல் வாரியாகப் பிரித்ததே அடிக்கணக்கில்தான். குறுந்தொகை 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31. நற்றிணையில் 9 அடியும் அதற்கு மேலும் என்று கேட்டேன். எல்லாப் பாடல்களும் வர வேண்டும் இல்லையா? 9 அடிப் பாடல்கள் மட்டும் வந்தன. மதிப்புகள் எல்லாம் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்தன. எழுத்து வரிசையில் 10 என்பது 1இல் தொடங்குவதால் 9க்கு முன்னாலேயே போய்விடுகிறது. 11, 12 இரண்டும் அப்படியே. எண்ணாகப் படிக்கத் தகுந்த மதிப்புக்கு எண்ணாகவே இன்னொரு நெடுவரிசை வைத்ததும் சரியாயிற்று.

மீன் கேட்டால் மான் வந்தது

புலங்கள் ஒருபுறம் இருக்க, உரைக்குள் தேடுவதற்கு எஸ்க்யூலைட்டின் எஃப்டிஎஸ்5 முழுஉரைத் தேடலையும் சேர்த்தேன். ‘மீன்’ என்று தேடினேன். நெய்தல் பாடல்களோடு சேர்ந்து மான் துள்ளும் முல்லைப் பாடல்களும் வந்து நின்றன. முதலில் என் கண்ணையே நம்பவில்லை.

காரணத்தைத் தேடிப் போனபோதுதான், தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படி இருக்கிறது என்று சரியாகப் புரிந்தது. யூனிகோடில் ம, ன போன்றவை எழுத்துகள். ா, ீ, ு, ே போன்ற உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ என்ற வகையில் இல்லை. ‘சேர்குறி’ என்ற தனி வகையில் இருக்கின்றன. எஃப்டிஎஸ்5 சொல்லைப் பிரிக்கும்போது, நாம் வேறு ஒன்றும் சொல்லாவிட்டால், எழுத்துகளையும் எண்களையும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. மற்றவற்றைச் சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி போல் எண்ணிக்கொள்கிறது. ஆகவே மீன் என்பது ம, ன என்ற இரண்டு துண்டு. மான் என்பதும் ம, ன. முனி, மேனி எல்லாமே ம, ன. ‘பால்’ கேட்டால் ‘புலி’ வரும், இரண்டும் ப, ல.

சேர்குறிகளையும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள் என்று சொல்ல ஒரு அமைப்பு இருக்கிறது, ஆவணத்திலும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். சேர்குறிகளின் எம்என், எம்சி என்ற இரண்டு வகைகளை அந்த அமைப்பில் சேர்த்து அட்டவணையை மறுபடி கட்டினேன். மீன் மீனாயிற்று, மான் மானாயிற்று. தமிழில் குறிப்பு எழுதி எஸ்க்யூலைட்டில் தேடும் ஒவ்வொருவருக்கும் இந்த ஒரு வரி தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதில் பாதி இதுதான்.

மூன்று மூன்று குறியீடுகளாக நறுக்கித் தேடும் ‘டிரைகிராம்’ முறையும் எஃப்டிஎஸ்5இல் உண்டு. சொல்லின் நடுப்பகுதியைக்கூடப் பிடித்துவிடும். ஆனால் மூன்று குறியீட்டுக்குக் குறைவான சொல்லைப் பிடிக்காது. ‘பூ’ என்பது ப, ூ என்று இரண்டே குறியீடு. ‘தீ’, ‘கை’ எல்லாம் இப்படியே. சங்கப் பாடல்களைத் தேடுபவனுக்குப் பூவைத் தேட முடியாத தேடல் எதற்கு? அதை விட்டுவிட்டேன்.

எழுத்தைச் சரிசெய்தாலும் உரைத்தேடலுக்கு ஓர் எல்லை உண்டு. மரம் என்பது மரத்து, மரத்தின் என்று உருமாறும். செய்யுளைச் சீர் பிரித்து அச்சிடும்போது ஒரு சொல் பாதியில் பிளந்து இரண்டு சீர்களில் நிற்கும். அதற்காகப் பதம் பிரித்த வடிவத்தைத் தனியே வைத்திருக்கிறேன். அப்படியும் மீன் என்று தேடினால் வானத்து மீனும் வரும், கடல் மீனும் வரும், ஏனென்றால் சங்கத் தமிழில் விண்மீனுக்கும் மீன் என்றுதான் பெயர். எழுத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தாலும் கணினிக்கு அந்த வேறுபாடு தெரியப் போவதில்லை. பாடலைப் படித்தவர் ‘மீன்: ஆரல்’ என்று புலத்தில் எழுதி வைத்தால்தான் தெரியும்.

காணாமற்போன ஆறு ஔவைப் பாடல்கள்

என்னை அதிகம் உலுக்கியது இதுதான். குறுந்தொகையில் ஔவையார் பாடியவை 15. ‘நூல்:குறுந்தொகை பாடியவர்:ஔவையார்’ என்று தேடினால் 9 வந்தன. மீதி 6 எங்கே?

கோப்பைத் திறந்து பார்த்தேன். ‘பாடியவர்: ஒளவையார்’ என்று அங்கேதான் இருந்தது. மறுபடி பாருங்கள். ஔ என்பது ஒரே எழுத்து. ஆறு கோப்புகளில் நான் தட்டியிருந்தது ஒ, அதன் பக்கத்தில் ள. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆள்.

பழைய கோப்புகளில் இதன் உறவுக்காரச் சிக்கல் ஒன்றும் இருந்தது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிப் பிறகு மாற்றியவை அவை. ‘கொ’ என்பதன் உயிர்க்குறி சில இடங்களில் ஒரே குறியீடாகவும், சில இடங்களில் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவும் இருந்தது. இதற்கு யூனிகோடின் சீராக்கமே மருந்து. பைத்தானில் ஒரே வரி. உரையை ஏற்றும்போதும், தேடல் சொல்லை வாங்கும்போதும், இரண்டு இடத்திலும் சீராக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயன் இல்லை.

ஒளவையாருக்கு அந்த மருந்து கேட்கவில்லை. ஒவும் ளவும் சேர்ந்தால் ஔ என்று யூனிகோடு சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அதேபோல், கொம்புக்குப் பின் ள வந்தால் எல்லாம் ஔகாரக் குறி என்று நானாக ஒரு விதி வைத்தால் தெளிவும் கெட்டுவிடும், வெள்ளமும் கெட்டுவிடும், வெள்ளிவீதியார் பெயரே சிதைந்துவிடும். ஆகவே உரையைத் தொடவில்லை. ‘பாடியவர்’ புலத்துக்கு மட்டும் புலவர் பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்தேன். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் ஏற்றும்போதே நிரல் என்னிடம் கேட்கும். ஆறு ஔவைப் பாடல்களும் வீடு திரும்பின. கூடவே, ஒரே புலவரை நான் இரண்டு விதமாக எழுதியிருந்த வேறு சில இடங்களும் பிடிபட்டன.

அதன் பிறகு புலங்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். திணை, கூற்று, பாடியவர், நூல் ஆகியவை வேலி போட்ட புலங்கள். பட்டியலுக்கு வெளியே எதையும் ஏற்காது. பூ, பறவை, நினைவுச்சொல் ஆகியவை திறந்த புலங்கள், எதையும் எழுதலாம். திறந்த புலங்களுக்குத் துணையாக ஒரு பெயர்க்கோவை: கொக்கு, குருகு, நாரை எல்லாம் தேடும்போது ஒரே குடும்பம். பறவைப் புலத்தில் மட்டும் இந்த உறவு செல்லும், அதனால் மாமரக் கொக்கு உள்ளே வராது. இதைச் செய்துகொண்டிருந்தபோது சூடாமணி நிகண்டு நினைவுக்கு வந்தது. மண்டல புருடர் 12 தொகுதிகளாகப் பிரித்து, தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று ஒரு பொருளுக்கு உள்ள பல பெயர்களை அடுக்கிவைத்தார். மனப்பாடம் செய்து மனசுக்குள்ளேயே தேடிக்கொள்வதற்காகச் செய்த நூல். நான் கட்டியது அதில் ஒரு துளி.

வெற்றிடம் மூன்று வகை

பாடியவர் புலம் காலியாக இருக்கும் பாடல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறுந்தொகையில் சில பாடல்களுக்குப் பாடியவர் பெயர் தெரியாது. சில பாடல்களுக்குத் தெரியும், ஆனால் நான் இன்னும் எழுதவில்லை. என் விக்கியில் கிடக்கும் சில பொதுக் கட்டுரைக் குறிப்புகளுக்கு ‘பாடியவர்’ என்ற கேள்வியே பொருந்தாது. மூன்றும் தரவுத்தளத்தில் ஒரே வெற்றிடமாகத்தான் தெரிந்தன. இப்போது ‘தெரியவில்லை’ என்றும் ‘பொருந்தாது’ என்றும் எழுத்தாலேயே எழுதிவிடுகிறேன். வெறுமையாக இருந்தால் அது என் பாக்கி என்று மட்டுமே அர்த்தம்.

பழைய தொகுப்பாளர்கள் இந்த வெற்றிடத்தை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தால் நெஞ்சு நிறைகிறது. புலவர் பெயர் கிடைக்காத இடத்தில் பாடலுக்குள்ளிருந்தே ஓர் அழகிய தொடரை எடுத்து அவருக்குப் பெயராக்கிவிட்டார்கள் என்பது அறிஞர்கள் சொல்லும் விளக்கம். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், கல்பொரு சிறுநுரையார், குப்பைக்கோழியார். பெயர் தொலைந்தாலும் பாடல் அனாதையாகவில்லை. அந்தப் பெயரைச் சொன்ன உடனே எந்தப் பாடல் என்று தெரிந்துவிடுகிறது. இதைவிடச் சிறந்த தேடல் சொல் யாருக்குக் கிடைக்கும்?

அகநானூற்றில் இன்னொரு அற்புதம். அதன் எண்களே திணையைச் சொல்லும். 1, 3, 5, 7, 9 என்று முடியும் ஒற்றை எண்கள் எல்லாம் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், பத்து இருபது என்று முடிந்தால் நெய்தல். 400 பாடல்களில் பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் தலா 40. தொகுத்தவர் உருத்திரசன்மர். இந்த விதியை அப்படியே என் நிரலில் எழுதி, நான் ஏற்றிய திணைகளைச் சரிபார்த்தேன். பதினொரு இடங்களில் என் தட்டச்சுப் பிழை வெளிப்பட்டது. அத்தனை நூற்றாண்டுக்கு முந்தைய ஒருவர் வகுத்த ஒழுங்கு என் தரவைத் திருத்திக் கொடுத்த அந்த ராத்திரியை நான் மறக்க மாட்டேன்.

எத்தனை புலம் வேண்டும்?

தொடங்கிய உற்சாகத்தில் இருபத்து மூன்று புலங்கள் வைத்தேன். பொழுது, பருவம், நிலம், ஓசை, நிறம், உவமை, உள்ளுறை என்று வளர்ந்துகொண்டே போயிற்று. இரண்டு மாதத்தில் கை ஓய்ந்தது. ஒரு பாடலை ஏற்ற அரை மணி ஆயிற்று. நிறைய புலங்கள் பாதி கோப்புகளில் மட்டுமே இருந்தன. பாதி நிரம்பிய புலத்தில் தேடினால் கிடைப்பது பாதி உண்மை. பாதி என்று தெரியாமல் கிடைப்பதால் அது இல்லாமையைவிட மோசம்.

ஆகவே ஒரு மாதம் தேடல் பெட்டியில் நான் தட்டியதையெல்லாம் ஒரு கோப்பில் சேமிக்க வைத்தேன். பார்த்தால், நான் உண்மையில் கேட்ட கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்பது புலங்களைத்தான் தொட்டன. அவை மட்டும் நின்றன. மற்றவற்றை எடுத்துவிட்டேன். நிறத்தைப் பற்றி ஒரு நாள் எழுத உட்கார்ந்தால், அன்றைக்கு நிறம் என்ற புலம் பிறக்கட்டும். அன்றைக்கு ஆயிரத்து இருநூறு பாடல்களையும் நிறத்துக்காக ஒரு முறை படிக்கிறேன். கேட்கிற கேள்விக்குத்தான் புலம். இதற்கு முன்னோடிகளும் அந்தப் பழைய தொகுப்பாளர்களேதான்: திணை, துறை, யார் யாரிடம் சொன்னது, யார் பாடியது. அவ்வளவையும் ஒன்றிரண்டு வரிக்குள் அடக்கிக்கொண்டார்கள், அந்த வரிகளை ஏட்டிலிருந்து ஏட்டுக்குக் கைவிடாமல் படியெடுத்தார்கள்.

தை மாதம் கும்பகோணம் போயிருந்தபோது அத்தையிடம் மடிக்கணினியைக் காட்டினேன். ‘பறவை:கொக்கு கூற்று:தலைவி நினைவுச்சொல்:சாட்சி’ என்று தட்டினேன். ஒரே ஒரு பாடல் வந்து நின்றது. அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு புலங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

“கேட்போர் தோழின்னு போட்டிருக்கியே, நல்லா இருக்கு. எல்லாப் பாட்டுக்கும் இது போட்டாச்சா?”

“இல்ல அத்தை. கொஞ்சம் பாக்கி இருக்கு.”

“எத்தனை?”

எனக்கு எண் தெரியவில்லை. ‘கேட்போர்’ புலமே இல்லாத குறிப்புகளைக் காட்டு என்று அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன். 212 வந்தன. இத்தனை நாளும் இருப்பதைத் தேடுவதற்கே கட்டிக்கொண்டிருந்தேன், இல்லாததையும் அதனிடம் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை.

அத்தை பட்டியலில் முதலாவதைத் தொட்டார். “இதை வாசி, யார் கேக்குறான்னு பாப்போம்” என்றார். வாசித்தேன். தோழி என்றேன் நான். இல்லை, தோழியிடம் சொல்வது போல வேலிக்கு வெளியே நிற்கும் தலைவனுக்குக் கேட்கும்படி சொல்கிறாள் என்றார் அவர். அரை மணி பேசினோம். கடைசியில் அந்தப் புலத்தில் இரண்டு வரி எழுதினோம்: ஒன்று தோழி, ஒன்று மறைந்து நிற்கும் தலைவன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை அத்தைக்கு நான் போன் செய்கிறேன். பாக்கி 164.